தவறான பதிவெண் பலகையுடன் வாகனம் ஓட்டினால் என்ன தண்டனை? சட்ட விதிகள் குறித்த விளக்கம்

புதுடெல்லி: சாலையில் இயங்கும் ஒவ்வொரு மோட்டார் வாகனமும் தனக்கென ஒதுக்கப்பட்ட பதிவெண்ணை, விதிகளில் கூறப்பட்டுள்ள வடிவத்தில் முன்புறமும் பின்புறமும் காட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988 வலியுறுத்துகிறது. இதை மீறுவோருக்கான தண்டனை 500 ரூபாய் அபராதத்தில் தொடங்குகிறது. மோசடி நோக்கம் நிரூபிக்கப்பட்டால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

கண்காணிப்புக் கேமராக்கள் மூலம் அபராதம் விதிக்கும் முறை நாடு முழுவதும் பரவிவரும் நிலையில், பதிவெண் பலகையின் முக்கியத்துவம் அதிகரித்துள்ளது. ஒருவர் தமது வாகனத்தில் மற்றொருவரின் பதிவெண்ணைப் பொருத்திக்கொண்டால், அவர் செய்யும் விதிமீறல்களுக்கான நோட்டீஸ் அந்த எண்ணின் உண்மையான உரிமையாளரின் வீட்டுக்குச் செல்கிறது. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தப்பும் வாகனத்தின் எண் போலியாக இருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் இழப்பீடு கோருவதற்கான வழியே குறுகிவிடுகிறது.

பதிவெண் பலகை தொடர்பான விதிகள், அவற்றை மீறுவதற்கான தண்டனைகள், பாதிக்கப்படும் உரிமையாளர்கள் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகள் ஆகியவை இங்குத் தொகுத்தளிக்கப்படுகின்றன.

சட்டத்தின் அடிப்படை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. வாகனம் முறைப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன் பதிவுச் சான்றிதழ் இடைநிறுத்தம் செய்யப்படாமலும் ரத்து செய்யப்படாமலும் இருக்க வேண்டும். பதிவெண் விதிகளின்படி வாகனத்தில் காட்டப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் எது இல்லாவிட்டாலும் அந்த வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது.

இந்தக் கடமை ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. அத்தகைய வாகனத்தை மற்றவர் ஓட்டுவதற்கு அனுமதிக்கும் உரிமையாளரும் சட்டத்தின் பார்வையில் பொறுப்பாளர் ஆவார்.

பதிவெண்ணை ஒதுக்கும் அதிகாரம் 41-ஆவது பிரிவின்படி பதிவு அதிகாரிக்கு உரியது. விற்பனையாளர் மூலமாகப் பதிவுக்கு விண்ணப்பிக்கப்படும் புதிய வாகனத்தில் பதிவெண் பொருத்தப்படும் வரை, அந்த வாகனத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கூறுகிறது.

பலகையின் வடிவம், எழுத்தின் அளவு

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 50, 51-ஆவது விதிகள் பலகையின் அமைப்பை விரிவாக வரையறுக்கின்றன. கார், பேருந்து, லாரி போன்ற வாகனங்களில் எழுத்துகளும் எண்களும் 65 மில்லிமீட்டர் உயரமும் 10 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டிருக்க வேண்டும். எழுத்துகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. இருசக்கர வாகனங்களின் பின்புறப் பலகையில் எழுத்துகள் 35 மில்லிமீட்டர் உயரத்திலும் எண்கள் 40 மில்லிமீட்டர் உயரத்திலும் அமைய வேண்டும்.

இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 200-க்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள பலகையும், கார்களுக்கு 500-க்கு 120 அல்லது 340-க்கு 200 மில்லிமீட்டர் அளவுள்ள பலகையும் நிர்ணயிக்கப்பட்டுள்ளன.

பதிவெண் ஆங்கில எழுத்துகளிலும் 1, 2, 3 என்னும் வழக்கமான எண்வடிவத்திலும் இருக்க வேண்டும். மாநில மொழி எழுத்துகளில் மட்டும் பதிவெண்ணை எழுதுவது விதிக்கு முரணானது. எண்களை வளைத்தும் நீட்டியும் ஒரு பெயர் போலவோ சொல் போலவோ தோன்றச் செய்வது, பலகையின்மீது படங்கள், அமைப்புகளின் பெயர்கள், பதவிப் பெயர்கள் ஆகியவற்றை எழுதுவது ஆகியவையும் விதிமீறல்களாகவே கருதப்படுகின்றன.

இரவு நேரத்தில் பின்புறப் பலகை 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கக்கூடிய வகையில் வெள்ளை விளக்கொளி பெற வேண்டும் என்பது 105-ஆவது விதி. இந்தச் சிறிய விளக்கு பழுதடைந்திருப்பதைப் பல உரிமையாளர்கள் கவனிப்பதில்லை.

நிறம் காட்டும் வேறுபாடு

பலகையின் நிறம் வாகனத்தின் பயன்பாட்டைக் குறிக்கிறது.

தனிநபர் பயன்பாட்டு வாகனங்களுக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகள். வாடகைக் கார், லாரி, பேருந்து, ஆட்டோ உள்ளிட்ட போக்குவரத்து வாகனங்களுக்கு மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துகள். வாடிக்கையாளரே ஓட்டிச் செல்லும் வகையில் வாடகைக்கு விடப்படும் கார்களுக்குக் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள்.

மின்சார வாகனங்களுக்குப் பச்சைப் பின்னணி. அவற்றுள் தனிநபர் வாகனங்களுக்கு வெள்ளை எழுத்துகளும், போக்குவரத்து வாகனங்களுக்கு மஞ்சள் எழுத்துகளும் பயன்படுத்தப்படுகின்றன. தற்காலிகப் பதிவு பெற்ற வாகனங்களுக்கு மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துகள். விற்பனையாளர்களின் வசமுள்ள, வணிகச் சான்றிதழின் கீழ் இயங்கும் வாகனங்களுக்குச் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள். வெளிநாட்டுத் தூதரக வாகனங்களுக்கு இளநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள்.

தற்காலிகப் பதிவெண்ணை வெறும் காகிதத்தில் அச்சிட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவது ஏற்கத்தக்கதன்று. இது 2020-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான அறிவிக்கையின்போது தெளிவுபடுத்தப்பட்டது.

வாடகைக்கு இயக்கப்படும் காரில் வெள்ளைப் பலகை பொருத்தப்பட்டிருந்தால் குற்றம் நிறத்தோடு முடிவதில்லை. உரிமம் இன்றிப் போக்குவரத்து வாகனத்தை இயக்கியதற்கான தனிப் பிரிவும், வரி ஏய்ப்புக்கான மாநிலச் சட்டங்களும் அந்த உரிமையாளர்மீது பாயக்கூடும்.

உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை

சாதாரணப் பலகையை எந்தக் கடையிலும் சில நிமிடங்களில் தயாரித்துவிட முடியும் என்பதால், வாகனத் திருட்டையும் பயங்கரவாதச் செயல்களையும் கருத்தில் கொண்டு 2001-ஆம் ஆண்டு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை முறையை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது.

ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டாலான இந்தப் பலகையின் இடது மேற்புறத்தில் 20-க்கு 20 மில்லிமீட்டர் அளவில் அசோகச் சக்கரம் கொண்ட ஹாலோகிராம் இருக்கும். அதன் கீழே நாட்டைக் குறிக்கும் 'ஐஎன்டி' என்னும் ஆங்கில எழுத்துகள் நீல நிறத்தில் காணப்படும். லேசர் முறையில் பொறிக்கப்பட்ட நிரந்தர அடையாள எண் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக உண்டு. ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டுகளால் பலகை வாகனத்தோடு பிணைக்கப்படுகிறது.

கார் போன்ற வாகனங்களில் முன்புறக் கண்ணாடியின் உட்பகுதியில் ஒட்டப்படும் ஒட்டுவில்லை மூன்றாவது பதிவெண் பலகையாகக் கருதப்படுகிறது. பெட்ரோல், சிஎன்ஜி வாகனங்களுக்கு இளநீலம், டீசல் வாகனங்களுக்கு ஆரஞ்சு, ஏனையவற்றுக்குச் சாம்பல் என எரிபொருளுக்கு ஏற்ப இதன் நிறம் மாறும்.

அறிமுகமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் மாநிலங்கள் இம்முறையை நடைமுறைப்படுத்தத் தயங்கின. மணிந்தர்ஜித் சிங் பிட்டா தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து உத்தரவுகளைப் பிறப்பித்த பின்னரே பணிகள் வேகம் பெற்றன. 2018 டிசம்பரில் வெளியான அறிவிக்கையின்படி, 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு இந்தப் பலகையை உற்பத்தியாளர்களே விற்பனையாளர்கள் மூலம் வழங்க வேண்டும்.

அதற்கு முந்தைய வாகனங்களுக்கான காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் காலக்கெடுவைப் பலமுறை நீட்டித்துள்ளன. மகாராஷ்டிரத்தில் இருசக்கர வாகனத்துக்கு 450 ரூபாய், மூன்று சக்கர வாகனத்துக்கு 500 ரூபாய், ஏனைய வாகனங்களுக்கு 745 ரூபாய் என ஜிஎஸ்டி நீங்கலாகக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது.

தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும் பலகைகள் சாலையோரக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவை அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரால் வழங்கப்பட்டவை அல்ல. அவற்றின் அடையாள எண் 'வாகன்' தரவுத்தளத்தில் இடம்பெற்றிருக்காது. எனவே, அவற்றைப் பொருத்தியிருப்பவர் விதியை நிறைவேற்றியவராகக் கருதப்பட மாட்டார்.

அபராதம் எவ்வளவு?

பதிவெண் தொடர்பான குற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் முதன்மையாக மூன்று தண்டனைப் பிரிவுகள் பயன்படுத்தப்படுகின்றன.

முதலாவது, 177-ஆவது பிரிவு. தனித் தண்டனை குறிப்பிடப்படாத எல்லா விதிமீறல்களுக்கும் இது பொதுவானது. முதல்முறை 500 ரூபாய் வரையும், அதன் பின்னர் ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கப்படலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இத்தொகை முறையே 100 ரூபாயாகவும் 300 ரூபாயாகவும் இருந்தது. எழுத்தின் அளவு மாறியிருப்பது, அலங்கார எழுத்து, மங்கிய பலகை போன்ற குறைபாடுகளுக்குப் பெரும்பாலும் இப்பிரிவே பயன்படுத்தப்படுகிறது.

இரண்டாவது, 192-ஆவது பிரிவு. 39-ஆவது பிரிவை மீறி வாகனத்தை ஓட்டுவோருக்கும் ஓட்ட அனுமதிப்போருக்கும் இது பொருந்தும். முதல்முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாவது முறையும் அதன் பின்னரும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்க்குக் குறையாமல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பலகையே இல்லாத வாகனம், பதிவு செய்யப்படாத வாகனம், வேறு வாகனத்தின் எண்ணைத் தாங்கிய வாகனம் ஆகியவற்றுக்கு இப்பிரிவு பயன்படுகிறது.

நோயுற்றோரையோ காயமடைந்தோரையோ அவசரமாக அழைத்துச் செல்லவும், துயர்துடைப்புக்கான உணவையும் மருந்தையும் கொண்டு செல்லவும் வாகனத்தைப் பயன்படுத்தியவருக்கு இப்பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அவர் அந்தத் தகவலை ஏழு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது, 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 192-பி பிரிவு. பதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறும் உரிமையாளர் ஆண்டு சாலை வரியின் ஐந்து மடங்கு அல்லது ஆயுள் வரியின் மூன்றில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அதைச் செலுத்த நேரிடும். பொய்யான ஆவணங்களையோ தகவல்களையோ அளித்துப் பதிவு பெற்றிருந்தாலும், வாகனத்தில் பொறிக்கப்பட்டுள்ள எஞ்சின் எண்ணோ சேசிஸ் எண்ணோ பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு பொருந்தாவிட்டாலும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதனுடன் ஆண்டு வரியின் பத்து மடங்கு அல்லது ஆயுள் வரியின் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றில் அதிகமான தொகை அபராதமாக விதிக்கப்படும்.

இத்தகைய வாகனத்தின் பதிவை, உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்ட பின் ரத்து செய்ய வேண்டும் என்று 55-ஆவது பிரிவும் கூறுகிறது.

நீதிமன்றம் செல்லாமல் அபராதம் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ள 200-ஆவது பிரிவு இடமளிக்கிறது. 177, 192 ஆகிய பிரிவுகள் இதில் அடங்கும். இதற்கான தொகையை மாநில அரசுகளே நிர்ணயிப்பதால், ஒரே குற்றத்துக்கு ஒரு மாநிலத்தில் செலுத்தும் தொகைக்கும் மற்றொரு மாநிலத்தில் செலுத்தும் தொகைக்கும் வேறுபாடு காணப்படுகிறது. 2019 செப்டம்பரில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தபோது குஜராத் அரசு பல குற்றங்களுக்கான தொகையைக் குறைத்து அறிவித்தது நினைவுகூரத்தக்கது.

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்களே விதியை மீறினால் அவர்களுக்கு இருமடங்கு தண்டனை என்று 210-பி பிரிவு கூறுகிறது.

போலிப் பலகை: குற்றவியல் நடவடிக்கை

தவறுதலாக அமைந்த பலகைக்கும், ஏமாற்றும் நோக்கத்துடன் பொருத்தப்பட்ட பலகைக்கும் சட்டம் தெளிவான வேறுபாடு காட்டுகிறது. இரண்டாவது வகையில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் பிரிவுகளும் சேர்க்கப்படுகின்றன.

எழுத்து, எண், குறி ஆகியவற்றால் எந்தப் பொருளின்மீது வெளிப்படுத்தப்பட்ட செய்தியும் சான்றாகப் பயன்படுமானால் அது 'ஆவணம்' என்னும் வரையறைக்குள் வரும். பதிவெண் பலகை காகிதமாக இல்லாவிட்டாலும், அதைப் போலியாகத் தயாரிப்பவர்மீது ஆவண மோசடி வழக்குப் பதிவு செய்யப்படுவதற்கு இதுவே அடிப்படை.

ஏமாற்றும் நோக்கத்துடன் போலி ஆவணம் தயாரித்தால் 336-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். போலி என்று அறிந்தே அதை உண்மையானதாகப் பயன்படுத்துவோருக்கும் 340-ஆவது பிரிவின்படி அதே தண்டனை பொருந்தும். ஏமாற்றிப் பொருளைப் பெறும் குற்றத்துக்கு 318-ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவின் கீழ் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. திருடப்பட்ட வாகனம் என்று அறிந்து அதை வைத்திருப்பவர்மீது 317-ஆவது பிரிவும் சேர்க்கப்படும்.

மேற்கண்ட குற்றங்களில் நோக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு உரியது. பலகை தயாரித்தவர் ஓர் எண்ணைத் தவறாக அச்சிட்டுவிட்டார் என்பதற்கான சான்று இருந்தால், அந்த உரிமையாளர் மோசடிக் குற்றத்துக்கு உள்ளாக மாட்டார். எனினும் தவறான பலகையுடன் ஓட்டியதற்கான அபராதத்திலிருந்து அவர் தப்ப இயலாது.

போலிப் பதிவெண்கள் பெருங்குற்றங்களுக்கு எவ்வாறு துணைபோகின்றன என்பதற்கு மும்பையில் நிகழ்ந்த சம்பவம் ஒன்று எடுத்துக்காட்டாகும். 2021 பிப்ரவரி 25 அன்று தொழிலதிபர் முகேஷ் அம்பானியின் இல்லத்துக்கு அருகே வெடிபொருளுடன் நிறுத்தப்பட்டிருந்த காரில் போலிப் பதிவெண் பலகை பொருத்தப்பட்டிருந்தது. அந்த வாகனத்துக்குள் மேலும் சில பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. அவ்வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கேமராவில் சிக்காமல் இருக்கப் பலகையை மடக்குவது, ஓர் எண்ணின்மீது ஒட்டுத்துண்டு ஒட்டுவது, முகக்கவசத்தாலோ துணியாலோ மறைப்பது ஆகியவற்றை வெறும் குறைபாடாகக் கருதாமல், மோசடிப் பிரிவுகளின் கீழ் வழக்குப் பதிவு செய்யும் போக்கு பெருநகரக் காவல்துறையினரிடையே காணப்படுகிறது.

அரசுச் சின்னமும் பதவிப் பெயரும்

பதிவெண்ணுக்குப் பதிலாகச் சின்னத்தையோ பதவிப் பெயரையோ காட்ட எவருக்கும் பொதுவான உரிமை இல்லை. குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர் உள்ளிட்ட உயர் அரசியல் சாசனப் பதவிகளில் இருப்போரின் வாகனங்களும் பதிவெண்ணைக் காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஜூலை 18 அன்று உத்தரவிட்டது.

தேசியச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவோருக்கு 2005-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சின்னம் (முறையற்ற பயன்பாட்டுத் தடை) சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பறிமுதலும் காப்பீட்டு இழப்பும்

அபராதத் தொகையைக் காட்டிலும் பெரிய இழப்பை ஏற்படுத்தக்கூடிய இரண்டு விளைவுகளை உரிமையாளர்கள் பெரும்பாலும் கருத்தில் கொள்வதில்லை.

ஒன்று, வாகனப் பறிமுதல். 39-ஆவது பிரிவை மீறி இயக்கப்படும் வாகனத்தைக் கைப்பற்றித் தடுத்து வைக்க 207-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. உரிய ஆவணங்களைக் காட்டிய பின்னரே வாகனத்தைத் திரும்பப் பெற இயலும்.

மற்றொன்று, காப்பீடு. தற்காலிகப் பதிவு காலாவதியான பின்னரும் சாலையில் ஓட்டப்பட்டு விபத்துக்குள்ளான வாகனம் தொடர்பான வழக்கில் 2014-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவின்றி வாகனத்தை ஓட்டுவது 192-ஆவது பிரிவின் கீழ் குற்றம் மட்டுமல்ல, காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை மீறலும் ஆகும் என்று கூறியது. 2021 செப்டம்பர் 30 அன்று அளித்த மற்றொரு தீர்ப்பிலும் அதே நிலைப்பாட்டை உறுதிசெய்தது. ஜோத்பூரில் விருந்தினர் விடுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த புதிய வாகனம் திருட்டுப்போன அவ்வழக்கில், தற்காலிகப் பதிவு முடிந்திருந்த காரணத்தால் உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

புதிய வாகனம் வாங்குவோர் நிரந்தரப் பதிவைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை இத்தீர்ப்புகள் உணர்த்துகின்றன.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால்

ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற வாகனம் நாடு முழுவதும் செல்லுபடியாகும். ஆயினும் 12 மாதங்களுக்கு மேல் மற்றொரு மாநிலத்தில் வைத்திருந்தால், 47-ஆவது பிரிவின்படி அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும். இதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழ் தேவை. பணியிடமாற்றம் காரணமாக அடிக்கடி மாநிலம் மாறுவோருக்கென 2021 செப்டம்பர் 15 முதல் 'பிஹெச்' என்னும் பாரத் வரிசை நடைமுறைக்கு வந்துள்ளது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் பணியாளர்களும் இதற்குத் தகுதி பெறுகின்றனர்.

மாநிலக் குறியீடு மாறினால் பழைய பலகை தவறானதாகிவிடுமா என்ற ஐயம் எழுவதுண்டு. தெலங்கானாவில் 2024 மார்ச்சில் 'டிஎஸ்' என்னும் குறியீடு 'டிஜி' என மாற்றப்பட்டது. அது புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்கே பொருந்தும். முன்னர் ஒதுக்கப்பட்ட எண்கள் தொடர்ந்து செல்லுபடியாகும். உரிமையாளர் தாமாகவே பலகையில் குறியீட்டை மாற்றி எழுதிக்கொண்டால்தான் அது குற்றமாகும்.

விற்ற வாகனத்தின் பொறுப்பு

வாகனத்தை விற்றவர், வாங்கியவர் அதே மாநிலத்தைச் சேர்ந்தவராயின் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆவது பிரிவு கூறுகிறது. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பெயர் மாற்றம் செய்யப்படாத நிலையில் விபத்து நேர்ந்தால், ஆவணத்தில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனத்தை விற்றுப் பணம் பெற்றுக்கொண்டதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என எண்ணுவோர், பல ஆண்டுகளுக்குப் பின் இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரராக நிற்க நேரிடலாம்.

உங்கள் எண்ணை வேறொருவர் பயன்படுத்தினால்

தாம் சென்றிராத ஊரில் விதிமீறல் புரிந்ததாக நோட்டீஸ் வந்தால், அபராதத்தைச் செலுத்தி விவகாரத்தை முடித்துக்கொள்வது சரியான தீர்வாகாது. அபராதம் செலுத்துவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே பதிவாகும். போலி வாகனமும் தொடர்ந்து சாலையில் ஓடும்.

மின்னணுக் கண்காணிப்பு தொடர்பாக 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதியின்படி, குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். குற்றத்தையும் வாகனத்தின் பதிவெண்ணையும் தெளிவாகக் காட்டும் புகைப்படம் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். எனவே உரிமையாளர் முதலில் அந்தப் படத்தைப் பார்வையிட வேண்டும். வாகனத்தின் மாதிரி, நிறம், பலகையின் எழுத்து வடிவம், ஹாலோகிராம் உள்ளதா இல்லையா, உடலில் உள்ள கீறல்கள், ஒட்டுவில்லைகள் ஆகியவற்றில் வேறுபாடு தென்படக்கூடும்.

அடுத்து, அந்த நேரத்தில் தமது வாகனம் இருந்த இடத்துக்கான சான்றுகளைத் திரட்ட வேண்டும். பாஸ்டேக் கணக்கின் சுங்கச்சாவடிப் பதிவுகள், வாகன நிறுத்துமிட ரசீது, பணிமனை ரசீது, குடியிருப்பின் கண்காணிப்புக் கேமரா பதிவு போன்றவை உதவும். கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் காலம் தாழ்த்தாமல் நகல் பெறுவது நல்லது.

பின்னர் இரண்டு இடங்களில் முறையிட வேண்டும். நோட்டீஸ் அனுப்பிய போக்குவரத்துக் காவல் பிரிவிடம் 'பரிவாகன்' இணையதளம் வாயிலாகவோ நேரிலோ எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தமது பதிவெண் போலியாகப் பயன்படுத்தப்படுவதாகக் காவல் நிலையத்தில் புகார் அளித்து முதல் தகவல் அறிக்கை பெற வேண்டும். குற்றம் வேறு ஊரில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம் என்பதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173-ஆவது பிரிவு உறுதிசெய்கிறது. மின்னணு முறையில் அளிக்கப்படும் புகாரில் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும்.

வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தால், அங்கு அபராதம் செலுத்தாமல் வழக்கை எதிர்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். புகாரின் நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பி ஒப்புகை பெறுவது, பின்னாளில் அந்த எண்ணில் விபத்து வழக்கு ஏதேனும் வருமானால் பாதுகாப்பாக அமையும்.

விபத்தில் பாதிக்கப்பட்டோரின் நிலை

போலிப் பதிவெண்ணால் மிகுந்த இழப்புக்கு உள்ளாவோர் விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே. வாகனம் அடையாளம் காணப்பட்டால், இறந்தவரின் வயது, வருமானம், அவரைச் சார்ந்திருந்தோரின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயிக்கும். அதைப் பெரும்பாலும் அந்த வாகனத்தின் காப்பீட்டு நிறுவனமே வழங்கும்.

முயன்றும் வாகனத்தை அடையாளம் காண முடியாவிட்டால், அது 'மோதிவிட்டுத் தப்பிய' விபத்தாகக் கருதப்படும். அப்போது கிடைப்பது நிர்ணயிக்கப்பட்ட தொகை மட்டுமே. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. அதற்கு முன் இது முறையே 25,000 ரூபாயும் 12,500 ரூபாயுமாக இருந்தது. குடும்பத்தின் ஒரே வருவாய் ஈட்டுநரை இழந்தவர்களுக்கு இத்தொகை எந்த அளவுக்குப் போதுமானது என்பது விளக்கத் தேவையில்லாதது.

விபத்தை நேரில் கண்டவர்கள் பதிவெண்ணோடு வாகனத்தின் வகை, நிறம், சென்ற திசை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டால், எண் போலியாக இருக்கும் நிலையிலும் புலனாய்வுக்கு அது உதவும்.

பலகை சேதமடைந்தாலோ திருட்டுப்போனாலோ

உயர் பாதுகாப்புப் பலகை உடைந்துவிட்டால், அதைத் திரும்ப ஒப்படைத்து அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மாற்றுப் பலகை பெற வேண்டும். தொலைந்தாலோ திருட்டுப்போனாலோ காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலுடன் விண்ணப்பிக்க வேண்டும். திருட்டுப்போன பலகை குற்றச் செயலுக்குப் பயன்படுத்தப்பட்டால், உரிய நேரத்தில் அளிக்கப்பட்ட புகாரே உரிமையாளருக்குக் கேடயமாகும்.

பழைய வாகனம் வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன் பதிவெண், எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகிய மூன்றையும் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'எம்-பரிவாகன்' செயலியில் பதிவெண்ணை உள்ளிட்டால், வாகனத்தின் மாதிரி, எரிபொருள் வகை, பதிவு செய்யப்பட்ட நாள், காப்பீட்டின் நிலை ஆகியவற்றை அறியலாம். திரையில் தோன்றும் விவரங்களும் கண்முன் நிற்கும் வாகனமும் பொருந்தாவிட்டால், அந்த வாகனத்தை வாங்காமல் காவல்துறைக்குத் தகவல் அளிப்பதே உரிய நடவடிக்கையாகும்.